எஸ்கேப், சஸ்பென்ஸ் பாணியில் அரை மணி நேர ஒலிநாடகம்: எழுத்து, சத்தம், பிரதி பற்றிச் சில கேள்விகள்

தெற்குக்காற்று:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க வானொலி நிறுவனம் சி.பி.எஸ். ஒலிபரப்பிய எஸ்கேப் (1947–1954), சஸ்பென்ஸ் (1942–1962) என்ற நாடகத்தொடர்கள் இரண்டையும் ஊன்றிக் கேட்பவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருப்பதால் இங்கே கேட்கிறேன். ஒலித்தரம் சுமார்தான். கதையும் பல சமயம் முன்பே படித்ததாக இருக்கும். ஆனாலும் பாதியில் நிறுத்த மனசு வருவதில்லை. அந்தப் பிடி எதனால் வருகிறது என்று புரிந்துகொண்டு, அதே கட்டுமானத்தில் தமிழில் ஒரு 30 நிமிட சாகச நாடகம் செய்ய வேண்டும். நாலு குரல், ஒரு அறை, இரண்டு மைக், ஒரு கணினி. வசதி இவ்வளவுதான்.

நேரத்தை எப்படிப் பங்கு போட்டு எழுதுவது? சத்தங்களை இணையத்தில் இருந்து எடுக்காமல் கையாலேயே செய்ய முடியுமா? பழைய பல்ப் இதழ்க் கதைகளில் (மலிவுத் தாளில் அச்சான அமெரிக்கக் கதை இதழ்கள்) பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத ஒன்று எது? இன்னொன்று: இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் ஒரே நாடகம் ஒரு இடத்தில் 28 நிமிடமும் இன்னொரு இடத்தில் 29 நிமிடம் சொச்சமும் ஓடுகிறது. எதை நம்பிப் படிப்பது?

அலைவரிசை:

எழுத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அரை மணி நிகழ்ச்சி என்றால் நிஜத்தில் ஏறக்குறைய 29 நிமிடம் 30 விநாடி. மிச்சம் நிலைய அறிவிப்புக்கு. அதில் தொடக்க இசை, அறிமுகம், முடிவில் பெயர்கள் எல்லாம் போக 25, 26 நிமிடம்தான் கதைக்கு. பேச்சு அதில் 21, 22 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மீதியெல்லாம் சத்தத்துக்கும் மௌனத்துக்கும். பக்கக் கணக்கு வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். தமிழில் ஒரே பக்கத்தை ஒருவர் இரண்டு நிமிடத்தில் படிப்பார், இன்னொருவர் மூன்று நிமிடம் எடுப்பார். நடிகர்களை வைத்தே வாய்விட்டுப் படிக்கவைத்து, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அதுவரை ஆன நேரத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வரியை வெட்டினாலும் கதை கெடாதோ அதற்கு முன்கூட்டியே கோடு போட்டுவையுங்கள். நேரலையில் அந்தக் கால வானொலிக்காரர்கள் உயிர் பிழைத்தது இந்தக் கோடுகளால்தான்.

எஸ்கேப்பின் தொடக்கத்தைக் கவனியுங்கள். அறிவிப்பாளர் கதைச் சுருக்கம் சொல்வதில்லை. கேட்பவரையே “நீங்கள்” என்று விளித்து, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், எது துரத்துகிறது என்று ஓரிரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் இடமே கேட்பவருக்குக் கிடையாது. இதை அப்படியே பின்பற்றலாம்.

அடுத்தது இடம். கலங்கரை விளக்கத்தை எலிக்கூட்டம் முற்றுகையிடும் “திரீ ஸ்கெலிட்டன் கீ” நாடகத்தை (1950 மார்ச்சில் வின்சென்ட் பிரைஸ் நடித்தது) கையில் தாளோடு கேளுங்கள். பாறை, கோபுரம், படிக்கட்டு, உச்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த விளக்கறை, எல்லாவற்றையும் எலிகள் வருவதற்கு முன்பே அமைதியாக விவரித்துவிடுகிறார்கள். அதனால் பின்னால் “கீழ்க்கதவு” என்று ஒரு சொல் விழுந்தாலே எவ்வளவு தூரத்தில் ஆபத்து என்று நமக்கே தெரிகிறது. ஆபத்து வந்தபிறகு இடத்தை விளக்கத் தொடங்கினால் வேகம் அங்கேயே செத்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான்.

ஒரே காட்சியில் மூன்று குரலுக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு ஆண் குரல் என்றால் ஒன்று கனமாகவும் ஒன்று மெலிசாகவும் இருக்க வேண்டும். வந்த முதல் பத்து விநாடிக்குள் ஒவ்வொருவரின் பெயரையும் இன்னொருவர் வாயால் சொல்லிவிடுங்கள்.

வரிசையும் முக்கியம்: சத்தம், பிறகு அதைக் கேட்டவனின் எதிர்வினை, அதற்கும் பிறகுதான் பெயர். உதாரணத்துக்கு, இது வேலைக்கு ஆகாது:

முத்து: அதோ பார், கதவு மெதுவாகத் திறக்கிறது! எவனோ கத்தியோடு உள்ளே வருகிறான்!

இப்படி எழுதினால் நிற்கும்:

(தாழ்ப்பாள் மெல்ல அசைகிறது. நிற்கிறது.)
முத்து: (மைக்கை ஒட்டி, ரகசியமாக) கதவைச் சாத்தினாயா?
செல்வன்: சாத்தினேன்.
(மறுபடி தாழ்ப்பாள். கீல் கிறீச்சிடுகிறது. இரண்டு விநாடி மௌனம்.)
முத்து: விளக்கை அணை.

கத்தி என்ற சொல்லே வரவில்லை. அது தரையில் விழும்போது உலோகச் சத்தம் வரட்டும், அப்போது தெரிந்துகொள்ளலாம். முதல் வடிவத்தில் முத்து கேட்பவருக்குத் தகவல் சொல்கிறான். இரண்டாவதில் செல்வனிடம் பேசுகிறான். நாம் ஒட்டுக்கேட்கிறோம். பிடி என்று கேட்டீர்களே, என்னைப் பொறுத்தவரை அது இந்த ஒட்டுக்கேட்கும் நிலைதான்.

கொட்டாங்கச்சி:

சத்தத்துக்கு வருகிறேன். கையாலேயே செய்யலாம். அவர்களும் கையால் பாதி, இசைத்தட்டில் பாதி என்றுதான் செய்தார்கள். ரயில், மோட்டார், கடலலை போன்றவற்றுக்கு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டுகள். காலடி, கதவு, சண்டை எல்லாம் நடிகரின் மூச்சோடு சேர்ந்து விழ வேண்டியவை என்பதால் அவை கையால்.

முதலில் மைக். அந்தக் கால நிலையங்களில் இருந்த ஆர்.சி.ஏ. 44 வகை ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கவாட்டிலும் கேட்காது. நடிகர்கள் எதிரெதிரே முகம் பார்த்து நிற்பார்கள். ஒருவன் அறையை விட்டுப் போகிறான் என்றால் பேசிக்கொண்டே பக்கவாட்டுக்கு நகர்வான், குரல் தானாகத் தேயும். உங்கள் மைக்கில் இப்படி முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவத் தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்கின் முதுகுப் பக்கம் நகரச் சொல்லுங்கள். கணினியில் ஒலியளவை மட்டும் குறைத்தால் ஆள் தூரம் போன மாதிரி இருக்காது, யாரோ குமிழைத் திருகிய மாதிரி இருக்கும். தூரம் கூடக்கூட நேர்க்குரல் குறைந்து அறையின் எதிரொலி கூட வேண்டும், அதுதான் காரணம்.

தூரக் கணக்கு: சாதாரணப் பேச்சு 30 முதல் 40 சென்டிமீட்டர். ரகசியமும் மனசுக்குள் பேசுவதும் 10 முதல் 15. கத்துவது என்றால் ஒன்றரை மீட்டர் தள்ளி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி. இரண்டாவது மைக் முழுக்கச் சத்தத்துக்கு மட்டும். தனித்தடத்தில் பதியுங்கள், பிறகு ஏற்ற இறக்க வசதி.

காலடிக்கு இரண்டடிச் சதுர மரப்பெட்டி, மூன்று அங்குல ஆழம், பாதி வரை சரளை. பெட்டிக்கு அடியில் மடித்த போர்வை போடாவிட்டால் மரம் அதிர்ந்து பெட்டிக்குள் நடக்கிற மாதிரியே கேட்கும். உள்ளுக்குள்ளும் கெட்டித்துணி விரியுங்கள். மண்தரைக்கு மணல், காட்டுக்குச் சருகு. பனிமேல் நடக்க மக்காச்சோள மாவை (கடையில் கார்ன்ஃப்ளார் என்பது) துணிப்பையில் கட்டிப் பிசையுங்கள். குதிரைக்குக் கொட்டாங்கச்சிதான், ஹாலிவுட்டிலும் அதேதான். நடைக்கு நாலு தட்டு, பாய்ச்சலுக்கு மூன்று தட்டு என்ற தாளம் தவறக்கூடாது. நெருப்புக்குக் கண்ணாடித்தாளை மெதுவாகக் கசக்கலாம், ஆனால் மைக்கிலிருந்து ஓரடியாவது தள்ளி. கிட்டே வந்தால் மிட்டாய் பிரிப்பதாகத்தான் காதில் விழும். இடிக்கு இரண்டுக்கு நாலடி மெல்லிய தகரத்தகடு, கயிற்றில் தொங்கவிட்டுக் கீழ் விளிம்பைப் பிடித்து ஆட்டுங்கள். மழைக்கு அரிசியைச் சாய்த்துப் பிடித்த காகிதத்தின்மேல் வழியவிடுங்கள். எலும்பு முறிய ஈரத்துணி சுற்றிய பச்சைக் கேரட்டை ஒடிக்கலாம்.

கதவுக்கு மட்டும் குறுக்குவழி தேடாதீர்கள். நிஜத் தாழ்ப்பாள், நிஜக் கீல் வைத்து ஒரு சின்னக் கதவைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சாகசக் கதையில் அதிகம் வேலை செய்வது கதவுதான்.

தொலைபேசிக் குரலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3000க்கு மேலேயும் வெட்டினால் போதும். 1943இல் சஸ்பென்ஸில் வந்த “சாரி, ராங் நம்பர்” முழுக்கவே இந்த வித்தியாசத்தில் நிற்கிறது: கதாநாயகியாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல் நிறைவாக நம் பக்கத்தில், உலகத்தின் மற்ற குரல்கள் எல்லாம் கம்பிக்குள்ளிருந்து மெலிசாக. அவள் தனியாக இருக்கிறாள் என்பதைக் காதே சொல்லிவிடுகிறது.

கடைசியாக ஒன்று. எல்லாச் சத்தத்தையும் போட ஆசை வரும். அடக்குங்கள். கன்ஸ்மோக் என்ற வானொலி கௌபாய்த் தொடரில் (1952–1961) ஒருவன் தெருவைக் கடந்து மரப்பலகை நடையில் ஏறிக் கதவைத் திறக்கும் வரை வசனமே இல்லாமல் விட்டுவிடுவார்கள். பின்னணி இசையும் இருக்காது. அந்தக் காலடிக்கு எடை வருவதே அதனால்தான்.

மரக்கூழ்:

கதைத் தேர்வு என் பக்கம்.

பல்ப் இதழுக்கும் வானொலிக்கும் உறவு ஆழமானது. 1930இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகம் தன் துப்பறியும் கதை இதழை விற்க ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்தியது. கதை சொல்லும் மர்மக் குரலுக்கு ஷேடோ என்று பெயர். மக்கள் கடைகளில் போய் அந்த இதழைக் கேட்காமல் “ஷேடோ இதழ்” இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதனால் 1931 ஏப்ரலில் அவர்களே தொடங்கிவிட்டார்கள். வால்டர் கிப்சன் மாக்ஸ்வெல் கிராண்ட் என்ற பெயரில் அதன் 325 நாவல்களில் 282 எழுதினார். உங்களுக்குப் பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இதழில் ஷேடோ கறுப்பு உடையில் இருட்டோடு ஒளிபவன். 1937இல் ஆர்சன் வெல்ஸ் நடிக்க அவன் நாடக நாயகனாக வானொலிக்கு வந்தபோது, பிறர் மனத்தை மயக்கிக் கண்ணுக்கே தெரியாமல் போகும் ஆற்றலைக் கொடுத்தார்கள். கறுப்பு உடையைக் காதால் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாதவனின் குரலைக் கேட்க முடியும், அதையும் வடிகட்டிக்குள் விட்டு வேறாக்கிக் காட்ட முடியும். பல்ப் கதையை எடுக்கும்போது இந்தக் கேள்வியை ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள்: இதில் கண்ணுக்கு மட்டும் என்ன இருக்கிறது, அதற்குப் பதில் காதுக்கு என்ன கொடுப்பது?

கட்டுமானத்துக்கு டாக் சாவேஜ் (1933) என்ற பல்ப் சாகசத் தொடரை எழுதிய லெஸ்டர் டென்டின் சூத்திரம் இன்னும் செல்லும். 6000 சொல் கதையை 1500 சொற்களாக நாலு பங்கு. முதல் வரியிலேயே, அல்லது முடிந்தவரை அதை ஒட்டி, நாயகன் சிக்கலில். ஒவ்வொரு பங்கிலும் ஒரு உடல் மோதல், முடிவில் ஒரு எதிர்பாராத திருப்பம், சிக்கல் கூடிக்கொண்டே போக வேண்டும். நாலாவதில் நாயகன் தன் சாமர்த்தியத்தால்தான் தப்ப வேண்டும், தற்செயல் கூடாது. உங்கள் 25 நிமிடத்தில் ஒரு பங்கு ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

பதிப்புரிமை: இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் இணையத்தில் போட்டால் அமெரிக்காவிலும் கேட்பார்கள், அங்கே கணக்கு வேறு. 1930க்கு முன் அச்சில் வந்த கதையாக எடுத்தால் அங்கும் தொல்லை இல்லை. கலங்கரை விளக்கக் கதை அருமைதான், ஆனால் எழுதிய பிரெஞ்சுக்காரர் டூடூஸ் இறந்தது 1972, அதனால் இப்போதைக்குத் தொடாதீர்கள். வானொலிக்கென்று எழுதப்பட்ட நாடகப்பிரதிக்குத் தனி உரிமை உண்டு. அதைப் பார்த்து மொழிபெயர்க்காமல் மூலக்கதையிலிருந்து நீங்களே எழுதுங்கள்.

என் பரிந்துரை ரிச்சர்ட் கானலின் “தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்”. 1924இல் வந்தது, ஆசிரியர் 1949இல் இறந்தார், இரண்டு நாட்டிலும் சுதந்திரம். வெளிவந்த காலியர்ஸ் பல்ப் இதழ் இல்லை, வழவழப்புத் தாள் இதழ். ஆனால் எலும்புக்கூடு அசல் சாகசக்கதை. கப்பலிலிருந்து விழும் வேட்டைக்காரன் ரெயின்ஸ்போர்ட் தீவில் கரையேறுகிறான். அங்கே மனிதர்களை வேட்டையாடும் ஜெனரல் ஜாரோஃப். மூன்று நாள் தப்பித்தால் விடுதலை. சஸ்பென்ஸ், எஸ்கேப் இரண்டுமே இதைச் செய்திருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் கேட்டால் ஒரே கதையை இரண்டு கை எப்படி வெட்டியது என்று தெளிவாகத் தெரியும்.

உங்கள் நாலு குரலுக்கும் சரியாகப் பொருந்தும். ரெயின்ஸ்போர்ட், ஜாரோஃப், கப்பல் நண்பன் விட்னி, அறிவிப்பாளர். வேலையாள் இவான் கதையிலேயே ஊமை, அதனால் அவனுக்கு நடிகர் வேண்டாம். கனத்த காலடி, சாவிக்கொத்து, மூச்சு போதும். வசனமே இல்லாத அவன்தான் நாடகத்தில் அதிகம் பயமுறுத்துவான்.

சிக்கல் எங்கே வரும் என்றால் இரண்டாம் பாதியில். ரெயின்ஸ்போர்ட் காட்டில் தனியாக ஓடுகிறான், பேச ஆளில்லை. மூலம் படர்க்கையில் இருக்கிறது. அதைத் தன்மைக்கு மாற்றிவிடுங்கள், நிகழ்காலத்தில், குறுகிய வாக்கியங்களாக, மைக்கை ஒட்டி. மூன்று பொறிகளும் இருக்கட்டும்: சாயும் மரம் ஜாரோஃபின் தோளைக் காயப்படுத்துகிறது, குழி ஒரு வேட்டைநாயைப் பலிவாங்குகிறது, வளைத்த இளமரத்தில் கட்டிய கத்தி இவானைக் கொல்கிறது. முதல் பொறிக்குப் பிறகு ஜாரோஃப் தூரத்திலிருந்து ரெயின்ஸ்போர்ட்டைப் பார்த்துப் பாராட்டிப் பேசும் இடம் மூலத்திலேயே இருக்கிறது, அதை வெட்டிவிடாதீர்கள். காட்டுக்குள் உங்களுக்கு இன்னொரு குரல் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அதுதான்.

வட்டத்தட்டு:

பிரதிகளின் நீளம் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு.

பெரும்பாலானவை 16 அங்குலத் தட்டுகளில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் பதிந்தவை. அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் பூச்சு. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தகடு. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம், அரை மணிக்கு இரண்டு பக்கம். பிற்பாடு சேகரிப்பாளர்கள் நாடாவுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொரு நாடா எடுத்து, கடைசியில் எம்.பி.3 ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் இயந்திர வேகம் கொஞ்சம் பிசகும். அமெரிக்க ராணுவ வானொலிப் பிரதி என்றால் விளம்பரங்களையே நீக்கியிருப்பார்கள், அதனாலும் நீளம் மாறும். ஆகவே நீளத்தை வைத்து மட்டும் வேகத்தை முடிவுசெய்யாதீர்கள்.

வேகத்தைச் சரிபார்க்க நல்ல வழி, பதிவில் சேர்ந்துவிட்ட மின்சார ரீங்காரம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வசனம் இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுத்து அலைவெண் வரைபடம் பாருங்கள், சாளர அளவை 65536 ஆக்கினால் நுணுக்கமாகத் தெரியும். 60க்கும் 120க்கும் அருகே ஒரு முட்டு (கூரிய மேடு) நிற்கும். 62இல் நின்றால் பிரதி 3.3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அந்த அளவுக்கு மெதுவாக்குங்கள். சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும், சுருதியை மட்டும் மாற்றுவது தவறு. இரண்டு முட்டு தெரிந்தால் ஒன்று பிற்காலத்தில் நகலெடுத்தபோது சேர்ந்தது. நிகழ்ச்சி என்.பி.சி. என்ற இன்னொரு அமெரிக்க வானொலி நிறுவனத்துடையது என்றால் இன்னும் எளிது: முடிவில் வரும் மூன்று மணியோசை மேற்கத்திய சுரங்களான ஜி, இ, சி. கடைசி சுரம் 261.6 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும்.

இரைச்சல் நீக்குவதில் பலர் நல்ல பிரதியைக் கெடுத்துவிடுகிறார்கள். வரிசை இதுதான்: வேகம், பிறகு சொடுக்கொலி, பிறகு ரீங்காரம், கடைசியாகப் பொது இரைச்சல். அதுவும் 6 முதல் 8 டெசிபல் வரை போதும். அதற்கு மேல் போனால் குரலுக்குப் பின்னால் தண்ணீர் சளசளப்பதுபோல ஒன்று வரும், காலடியின் வால் (தேய்ந்து மறையும் எதிரொலி) அறுந்துபோகும். நீங்கள் படிக்க விரும்புவதே அந்த வால்தான், எவ்வளவு பெரிய அறை, எவ்வளவு தூரம் என்று அதிலிருந்துதான் தெரியும். ஆகவே ஒப்பிடும்போது பளிச்சென்ற பிரதியை விட்டுக் கொஞ்சம் இரையும் பிரதியை எடுங்கள்.

தெற்குக்காற்று:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஜாரோஃப் கதையையே எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: வேட்டைநாய்களைக் கையால் செய்ய முடியாதே? கடைசிப் பத்து நிமிடம் முழுக்க நாய்கள்தான்.

கொட்டாங்கச்சி:

நாய்க்குப் பதிவைத்தான் போட வேண்டும், மனிதன் குரைத்தால் கெட்டுவிடும். தெருநாய்ச் சண்டையை எடுக்காதீர்கள். நீளமாக ஊளையிட்டுத் துரத்தும் வேட்டைநாய்க் கூட்டத்தின் ஒலியைப் பொதுப் பயன்பாட்டு உரிமத்தோடு தேடுங்கள், நாடகத்தில் ஒரே பதிவை எல்லா இடத்திலும் பயன்படுத்தலாம்.

நெருங்கி வருவதை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதல் தடவை 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டி, மிக மெல்லிதாக, ஒரே ஒரு ஊளை. ரெயின்ஸ்போர்ட் பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டும், நாய் என்று சொல்லக்கூடாது. இரண்டாவது, 4000 வரை திறந்து, கூட்டமாக, அவன் கத்தியை மரத்தில் கட்டும்போது விட்டுவிட்டு. மூன்றாவது முழுசாக, கடல் ஓசையோடு, பாறை விளிம்பில். அவன் குதித்ததும் நாய்களை உடனே வெட்டாதீர்கள். இரண்டு விநாடி மேலே நின்று குரைக்கட்டும், பிறகு அலை மட்டும்.

இடைப்பட்ட நேரத்தில் நாய்ச் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் அரை நிமிடத்தில் காது அதை மறந்துவிடும்.